சும்மா வந்த ஆட்களோடு இரண்டு ஃபைனல்: இன்டர் மிலனின் அந்தக் காலம் முடிந்ததா?

கறுப்புநீலம்

ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடியாச்சு. இன்டர் இந்த 2025 கோடையில் எடுத்த ஆட்களைப் பாருங்கள்: சுசிச், போனி, லூயிஸ் ஹென்ரிக்கே, டியூஃப். ஒருவருக்கும் வயது 23-ஐத் தாண்டவில்லை, எல்லாருக்கும் பணம் கட்டித்தான் எடுத்திருக்கிறார்கள். அகான்ஜி மட்டும் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து லோனில், அதாவது இரவலாக வந்தார். ஒப்பந்தம் முடிந்து கையை வீசிக்கொண்டு வந்த மூத்த ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. இந்த கிளப்பை நாலைந்து வருடமாகப் பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 2021-ல் சல்ஹானோலு, பக்கத்து வீட்டு ஏசி மிலனில் ஒப்பந்தம் முடிந்து வந்தார். அதே கோடையில் ரோமாவிலிருந்து ஜெக்கோ, கிட்டத்தட்ட சும்மா. 2022-ல் ஓனானா, மிகிதாரியன். 2023-ல் மார்க்கஸ் துராம். 2024-ல் ஜீலின்ஸ்கி, தரேமி. இதற்கெல்லாம் முன்பே 2018-ல் லாசியோவிலிருந்து டி ஃப்ரெய். இவர்களையும், குறைந்த விலைக்குக் கிடைத்த அசெர்பி, தார்மியான், சோமர் போன்றவர்களையும் வைத்துத்தான் 2023 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், 2024-ல் இருபதாவது லீக் பட்டம், 2025 மியூனிக் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்.

இன்டர் நிர்வாகி மரோட்டா மேதை என்று ஐரோப்பா முழுக்க எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. மீதிப் பாதி, கல்லாவில் காசில்லை. 2020-21 கணக்கில் 245.6 மில்லியன் யூரோ நஷ்டம், இத்தாலிய கிளப் எதுவும் அதுவரை காணாத தொகை. முதலாளி சுனிங் சீனாவில் தன் சொந்த டீமான ஜியாங்சுவை, அது லீக் ஜெயித்த மூன்று மாதத்தில் இழுத்து மூடியது. இங்கே லீக் ஜெயித்த கையோடு ஹக்கிமியை பிஎஸ்ஜிக்கும், லுகாகுவை 115 மில்லியனுக்கு செல்சிக்கும் விற்றார்கள். பயிற்சியாளர் கோன்டே அதற்கு முன்பே கோபித்துக்கொண்டு போய்விட்டார். அந்த நிலையில் யாராக இருந்தாலும் ஒப்பந்தம் முடிகிறவர்கள் பட்டியலைத்தான் புரட்டியிருப்பார்கள்.

இப்போது புது முதலாளி ஓக்ட்ரீ காலம், கொள்கை மாறிவிட்டது. மாறியது நல்லதுக்கா? சொல்லுங்கள்.

சான்சிரோ_செல்வம்

நல்லதோ கெட்டதோ, எங்கள் மிலன் வீட்டில் புகுந்து எடுப்பதை நிறுத்தினால் சரி.

சல்ஹானோலு போன அடுத்த சீசனே, 2022-ல், மிலன் லீக் ஜெயித்தது என்பதையும் எழுதியிருக்கலாம். எங்களுக்கும் ஃப்ரீயில் வந்தவர்தான் இப்ராஹிமோவிச். ஜிரூ வந்ததும் சில்லறைக் காசுக்குத்தான். 2022 பிப்ரவரி மிலன்-இன்டர் டெர்பியில் அவர் போட்ட இரண்டு கோலில்தான் உங்கள் பட்டம் போனது.

கணக்குப்பிள்ளை

ஃப்ரீ என்றால் செலவே இல்லை என்று நினைப்பவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள், அதனால் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1995 டிசம்பரில் போஸ்மன் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு பழைய கிளப் பணம் கேட்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு அந்தப் பணம் மாயமாகிவிடவில்லை, கைமாறியது. முன்பு பழைய கிளப்புக்குப் போனது, இப்போது ஆட்டக்காரருக்குச் சம்பளமாகவும் சைனிங் போனஸாகவும், ஏஜென்ட்டுக்குக் கமிஷனாகவும் போகிறது. 29 வயதில் நாலு கிளப்புகள் போட்டி போடும்போது ஆட்டக்காரர் என்ன கேட்பார்? பழைய கிளப்புக்குக் கொடுக்காத பணத்தில் பங்கு கேட்பார். கேட்கத்தான் செய்வார்.

அப்புறம் ஏன் லாபம் என்கிறார்கள்? கணக்குப் புத்தகத்தில் விழும் விதம் வேறு. 40 மில்லியன் கொடுத்து ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால் வருடத்துக்கு 8 மில்லியன் தேய்மானமாக எழுதவேண்டும், சம்பளம் அதற்கு மேல். ஃப்ரீயில் வந்தவருக்கு அந்த 8 இல்லை. விற்றால் ஏறக்குறைய முழுத் தொகையும் லாபம். ஓனானாவை 2022-ல் சும்மா எடுத்து 2023-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 50 மில்லியனுக்கு மேல் விற்றார்களே, அதுதான் இந்த வித்தையின் உச்சம்.

ஆனால் அப்படி நடந்தது ஓனானா ஒருவருக்குத்தான். மிகிதாரியனை யார் வாங்குவார்? ஜெக்கோ வந்த மாதிரியே சும்மா கிளம்பி ஃபெனர்பாஹ்சேக்குப் போனார். முப்பதைத் தாண்டியவரிடம் செலவழிக்கும் ஒவ்வொரு யூரோவும் திரும்பி வராத யூரோ. சம்பளம் கொடுத்து முடித்தால் கதை முடிந்தது.

இன்னொன்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: வரி. 2019-ல் இத்தாலியில் ஒரு சட்டம் வந்தது, தெக்ரெத்தோ கிரெஷிதா என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவரின் வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரியே கிடையாது. கால்பந்துக்காரர்களுக்கு அந்தப் பகுதி பாதி. கையில் 6 மில்லியன் கிடைக்கவேண்டும் என்று ஒருவர் கேட்டால், சாதாரணமாக கிளப்புக்கு 11 மில்லியன் ஆகும். இந்தச் சலுகையில் 8-க்கு அருகில் முடிந்துவிடும். ஜெர்மனியிலிருந்து துராமை எடுப்பதில் இது பெரிய உதவி. 2024 ஜனவரியோடு சலுகையை ரத்து செய்துவிட்டார்கள். அதே கோடையில்தான் போர்டோவிலிருந்து தரேமி வந்தார். முழு வரி, 32 வயது, லீகில் ஒரே ஒரு கோல்.

ஓக்ட்ரீ கொள்கையை மாற்றியது என்கிறீர்கள். அரசாங்கம் முன்பே மாற்றிவிட்டது என்பேன்.

பெஞ்ச்_பாய்

கணக்குப்பிள்ளை அண்ணே, தரேமியை இப்படி ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. கிளப் உலகக் கோப்பை சமயத்தில் மனிதர் போர் காரணமாக ஈரானை விட்டு வெளியே வரவே முடியாமல் மாட்டிக்கொண்டார்.

கணக்குப்பிள்ளை

அது பாவம்தான். ஆனால் அது ஜூன் மாதம். நான் அதற்கு முந்தைய பத்து மாதத்தைச் சொன்னேன்.

நடுகளம்

பணத்தை விட்டுவிட்டு மைதானத்துக்கு வாருங்கள். சல்ஹானோலு மிலனில் இருந்தவரை என்ன ஆடினார்? ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஒரு பத்தாம் நம்பர். ஒரு வாரம் பிரமாதம், மூணு வாரம் காணவில்லை. 2021 யூரோவில் எரிக்சன் மைதானத்திலேயே மயங்கி விழுந்த பிறகு இன்டருக்கு ஒரு ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. அப்படி வந்தவர் இவர். 2022 இலையுதிர்காலத்தில் ப்ரோசோவிச்சுக்குக் காயம். வேறு வழியில்லாமல் பயிற்சியாளர் இன்சாகி இவரை டிஃபென்ஸுக்கு முன்னால் இறக்கினார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருடம் ப்ரோசோவிச்சை அல் நஸ்ருக்கு விற்கும் தைரியம் அதனால்தான் வந்தது. பெனால்டி என்றால் நாம் டீ போட எழுந்து போகலாம் என்ற அளவுக்கு நம்பிக்கை. 2024 நவம்பரில் நாப்போலிக்கு எதிராகக் கம்பத்தில் அடித்தபோதுதான் இன்டர் சட்டையில் முதல் தடவையாகத் தவறவிட்டார்.

மிகிதாரியன் கதையும் இதே. ரோமாவில் முன்வரிசை ஆள், இங்கே ஓயாமல் ஓடும் இடதுபக்க மிட்ஃபீல்டர். 2023 அரையிறுதியில் மிலனுக்கு எதிரான முதல் ஆட்டம் நினைவிருக்கிறதா? எட்டாவது நிமிடம் ஜெக்கோ, பதினோராவது நிமிடம் மிகிதாரியன். பதினோரு நிமிடத்தில் அரையிறுதி பாதி முடிந்துவிட்டது. இரண்டு கோலும் ரோமாவிலிருந்து வந்தவர்களின் கால்.

ஆக, இதில் மரோட்டாவுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு இன்சாகிக்கும் உண்டு. 3-5-2 என்ற ஒரே வடிவம், நான்கு சீசன், மாற்றமே இல்லை. புதிதாக வருபவருக்கு இன்ன இடம், இன்ன வேலை என்பது முதல் நாளே தெரியும். பயிற்சியாளர் வருடத்துக்கு ஒருவர் மாறும் டீமில் இதே ஆட்களை இறக்கியிருந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடியிருப்பார்கள்.

வரிக்குதிரை_77

யூவே (யுவென்டஸ்) ரசிகனாக நான் இதில் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். இந்த வித்தையை மரோட்டா கற்றதே எங்கள் வீட்டில். 2011-ல் பிர்லோ, மிலன் வேண்டாம் என்று விட்டவர். 2012-ல் பொக்பா. 2013-ல் யொரென்டே. 2015-ல் கெதிரா. 2016-ல் டானி ஆல்வெஸ். அந்த 2016-லேயே பொக்பாவை 105 மில்லியனுக்கு யுனைடெட்டுக்கே திருப்பி விற்றார்கள், அப்போது உலக சாதனை.

2018-ல் அவர் போனார். கடையை அதே பெயரில் மற்றவர்கள் நடத்தினார்கள். 2019-ல் ராம்ஸி வந்தார். சம்பளத்தைக் கேட்டால் தலை சுற்றும், ஆடியதோ காயத்துக்கும் காயத்துக்கும் நடுவில். 2022-ல் மீதி ஒப்பந்தத்தை ரத்து செய்து அனுப்பினார்கள். அதே கோடையில் பொக்பா மறுபடி ஃப்ரீயில் வந்தார். முதல் சீசன் முழுக்கக் காயம், 2023-ல் ஊக்கமருந்து சோதனையில் மாட்டித் தடை, 2024 நவம்பரில் ஒப்பந்தம் முறிந்தது.

ஒரே கிளப், ஒரே ஆட்டக்காரர், இரண்டு தடவையும் ஃப்ரீ. 19 வயதில் எடுத்ததற்கும் 29 வயதில் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

கறுப்புநீலம்

வரிக்குதிரை சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். வயது மட்டும் காரணமில்லை. ராம்ஸிக்கு ஆர்சனலில் இருந்தபோதே தொடை தசையில் தொல்லை இருந்தது ஊருக்கே தெரியும். மிகிதாரியனோ இன்டருக்கு வரும்போது 33, இருந்தும் சீசன் முழுக்க ஆடுகிற உடம்பு. என்ன வயது என்பதைவிட முந்தைய இரண்டு வருடத்தில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று பார்த்தால் போதும். குவாட்ராடோவை 2023-ல் எடுத்தபோது அதைப் பார்த்தார்களா தெரியாது. டிசம்பரில் குதிகால் தசைநாணில் அறுவை சிகிச்சை, சீசன் பெரும்பாலும் அதோடு சரி.

எதிர்ப்பக்கக் கணக்கையும் யாராவது எழுதவேண்டும், நானே எழுதுகிறேன். இன்டர் சும்மா எடுத்தது மட்டுமில்லை, சும்மா விட்டதும் உண்டு. பெரிசிச் 2022-ல் டாட்டன்ஹாமுக்குப் பணமில்லாமல் போனார். ஸ்க்ரினியார் விஷயம் இன்னும் மோசம். 2022 கோடையில் பிஎஸ்ஜி பெரிய தொகையோடு வந்து நின்றது. கேட்ட விலை வரவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த கோடையில் அதே ஆள் ஒரு பைசா இல்லாமல் அதே பிஎஸ்ஜிக்குப் போனார். அந்த இடத்துக்கு பயர்னிலிருந்து பவார்டை எடுக்க 30 மில்லியன் ஆனது. ஓனானாவில் வந்த பணத்தில் பெரும்பகுதி இங்கேயே கரைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமா_ராஜகுமாரி

இதில் லாசியோக்காரர்களிடம் யாரும் கேட்கவே இல்லையே! நான் ரோமா ஆள், ஆனாலும் அவர்களுக்காக ஒன்று சொல்லியே ஆகவேண்டும்.

2018 மே 20, சீசனின் கடைசி ஆட்டம், லாசியோ எதிர் இன்டர். டிரா செய்தாலே லாசியோவுக்கு சாம்பியன்ஸ் லீக் இடம். டி ஃப்ரெய் அடுத்த சீசனிலிருந்து இன்டர் ஆள் என்பது முடிவாகிவிட்டது, இருந்தும் லாசியோ சட்டையில் இறங்கினார். 2-1 என்று லாசியோ முன்னிலை. 78-வது நிமிடம் பெனால்டி ஏரியாவில் இகார்டியை வீழ்த்தியவர் யார்? அவரேதான். பெனால்டி, 2-2. மூன்று நிமிடம் கழித்து வெசினோ தலையால் முட்டினார், 3-2. இரண்டு டீமும் 72 புள்ளி, நேருக்கு நேர் கணக்கில் இன்டர் உள்ளே, லாசியோ வெளியே.

வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அநியாயம். ஆனால் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு கையெழுத்துப் போடலாம் என்ற விதி இருக்கும்வரை இந்த மாதிரி சந்தேகம் யார் மனதிலும் வரும். அந்த இடத்தில் உங்கள் டீம் இருந்தால் நீங்கள் இவ்வளவு நிதானமாகத் தேய்மானக் கணக்கு பேசுவீர்களா?

சான்சிரோ_செல்வம்

அதே டி ஃப்ரெய் 2021 நவம்பர் டெர்பியில் எங்களுக்கு ஓன் கோல் போட்டுக் கொடுத்தார். அதே ஆட்டத்தில் உங்கள் கோலை எங்கள் பழைய ஆள் சல்ஹானோலு பெனால்டியில் அடித்தார். 1-1. ஃப்ரீயில் வந்தவர்கள் இருபக்கமும் நியாயமாகப் பங்கு போட்டார்கள்.

பெஞ்ச்_பாய்

😂😂

கோல்போஸ்ட்_கோபால்

எல்லாரும் சுற்றிச் சுற்றிப் போகிறீர்கள், மியூனிக் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிஎஸ்ஜியிடம் 5-0. சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரலாற்றில் இவ்வளவு பெரிய தோல்வி கிடையாது. அசெர்பிக்கு 37, சோமருக்கு 36, மிகிதாரியனுக்கு 36. இறங்கிய பதினோரு பேரின் சராசரி வயதே முப்பதைத் தாண்டியது. எதிரே 19 வயது தூவே இரண்டு கோல். கடைசி கோல் போட்ட மயூலுவுக்கும் 19.

முதல் கோல் யார்? ஹக்கிமி. 2021-ல் கடனை அடைக்க விற்ற அதே ஹக்கிமி, பன்னிரண்டாவது நிமிடத்தில் கோல் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றார். விற்ற இளைஞன் திரும்பி வந்து அடித்தான், சும்மா எடுத்த பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிக்கனம் பேசுகிறவர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

நடுகளம்

தம்பி கோபால், அந்த ஃபைனலுக்கு எப்படிப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்சிலோனாவோடு அரையிறுதி. அங்கே முப்பதாவது விநாடியில் குதிகாலால் தட்டியது துராம், ஃப்ரீ. இங்கே பெனால்டி அடித்தது சல்ஹானோலு, ஃப்ரீ. 3-2 என்று எல்லாம் முடிந்த நேரத்தில், 93-வது நிமிடத்தில், ஸ்ட்ரைக்கர் நிற்கவேண்டிய இடத்தில் நின்று வலது காலால் அடித்தது அந்த 37 வயது அசெர்பி. பிறகுதான் ஃப்ராட்டெசி. மொத்தம் 7-6. அதற்கு முந்தைய சுற்றில் பயர்னை அவர்கள் வீட்டிலேயே 2-1.

வயசானவர்கள் வேண்டாம் என்றால் அந்த இரவும் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

மியூனிக்கில் தோற்றது கால் ஓய்ந்துபோய். நாப்போலியிடம் ஒரே புள்ளியில் லீக் போனது, 82-க்கு 81. கோப்பா இத்தாலியாவில் மிலன் அரையிறுதியில் வெளியே தள்ளியது. மூன்று போட்டியிலும் கடைசிவரை அதே பதிமூன்று பதினான்கு பேரை ஓட்டினால் மே மாதம் உடம்பில் என்ன மிச்சம் இருக்கும்? முதல் பதினோரு பேரில் குறையில்லை, மாற்று ஆட்களில்தான் குறை. தரேமி, ஜீலின்ஸ்கி, அர்னாவுடோவிச், கொரேயா. துராமையோ லவுதாரோவையோ உட்கார வைத்தால் இறக்க ஆளில்லை.

கணக்குப்பிள்ளை

இதை ஒப்புக்கொள்கிறேன், முக்கியமான இடம் இது. முதல் பதினொன்றில் ஒருவரை ஃப்ரீயில் எடுத்தால் அவர் இடத்தைச் சம்பாதிக்க ஆடுவார். பெஞ்சுக்கு என்று 32 வயதுக்காரரைப் பெரிய சம்பளத்தில் எடுத்தால் அவரை விற்கவும் முடியாது, அவர் இடத்தில் ஒரு பையனை வளர்க்கவும் முடியாது. நம் இளம் ஸ்ட்ரைக்கர் பியோ எஸ்போசிட்டோ அந்த வருடம் ஸ்பெசியாவில் லோனில் கோல் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே பெஞ்சில் தரேமி.

இடதுகால்

ரொம்ப நாளாகப் படிக்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். ஒரு சந்தேகம். இது இவ்வளவு நல்ல வழி என்றால் எம்போலி, லெச்சே மாதிரி சின்ன கிளப்புகள் ஏன் இப்படியே ஃபைனல் வரை போகவில்லை? அவர்களும்தானே ஃப்ரீயில் ஆள் எடுக்கிறார்கள்?

கறுப்புநீலம்

நல்ல கேள்வி, வாங்க. சின்ன கிளப்புக்கு ஃப்ரீயில் வருபவர் யாரும் கேட்காதவர். இன்டருக்கு வருபவர் எல்லாரும் கேட்டவர். துராமை மிலனும் துரத்தியது. சாம்பியன்ஸ் லீக் ஆட்டம், எழுபதாயிரம் பேர் உட்காரும் சான் சிரோ, நேரத்துக்கு வரும் சம்பளம், இந்த மூன்றும் இருந்தால்தான் நல்ல ஃப்ரீ ஏஜென்ட் கதவைத் தட்டுவார். அதாவது ஏற்கெனவே பெரிய கிளப்பாக இருக்கவேண்டும். அதனால்தான் கடன் கழுத்தை நெரித்த வருடங்களிலும் முதல் நான்கு இடத்தை விடாமல் பிடித்திருந்தது அவ்வளவு முக்கியம். ஒரு வருடம் சாம்பியன்ஸ் லீக் தவறியிருந்தால் மொத்தமும் சரிந்திருக்கும்.

அதைவிட முக்கியமான இன்னொன்று. டீமின் முதுகெலும்பு ஃப்ரீ கிடையாது. பஸ்தோனியை 2017-ல் அட்டலான்டாவிலிருந்து 31 மில்லியன் கொடுத்து எடுத்தார்கள், அப்போது பையனுக்கு 18. லவுதாரோ 2018-ல் ரேசிங்கிலிருந்து, பரெல்லா 2019-ல் கால்யாரியிலிருந்து, எல்லாம் காசு. திமார்கோ சொந்த அகாடமி. சுனிங்கிடம் பணம் இருந்த காலத்தில் நட்ட மரம் இவை. 2021-க்குப் பிறகு அந்த நிழலில்தான் மற்றவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

வரிக்குதிரை_77

இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதி சண்டை மிச்சமாகியிருக்கும். எங்களிடமும் அப்படித்தான். பிர்லோவுக்குப் பின்னால் புஃபோன், கியெல்லினி, பர்சாலி, போனுச்சி இருந்தார்கள்.

கோல்போஸ்ட்_கோபால்

சரி, அப்படியென்றால் ஓக்ட்ரீ செய்வது சரிதானே? மறுபடி மரம் நடுகிறார்கள்.

நடுகளம்

மரம் வளரும்வரை யார் ஆடுவது? இன்சாகி அல் ஹிலாலுக்குப் போய்விட்டார். புதுப் பயிற்சியாளர் கிவுவுக்கு பெரிய டீமை நடத்திய அனுபவமே இல்லை, பார்மாவில் சில மாதம்தான். மிகிதாரியன், அசெர்பி, டி ஃப்ரெய், தார்மியான், சோமர், ஐந்து பேருக்கும் ஒப்பந்தம் 2026 ஜூனில் முடிகிறது. ஒரே கோடையில் ஐந்து அனுபவசாலிகள் வெளியே. அந்த ஐந்து இடத்தையும் 21 வயதுப் பையன்களை விலைக்கு வாங்கி நிரப்ப ஓக்ட்ரீயிடமே பணமிருக்காது. அதிலும் அது ஒரு முதலீட்டு நிறுவனம். 2021-ல் கொடுத்த 275 மில்லியன் கடன் வட்டியோடு 395-ஐத் தொட்டு, திருப்பிக் கட்ட முடியாமல் போனதால்தான் 2024 மே மாதம் கிளப் அவர்கள் கைக்கு வந்தது. அள்ளிக் கொட்ட வந்தவர்கள் இல்லை.

2026 ஜனவரியில் மரோட்டா எந்த ஏஜென்ட்டோடு சாப்பிடுகிறார் என்று பாருங்கள். குறைந்தது இரண்டு பேராவது ஃப்ரீயில் வருவார்கள் என்று இப்போதே எழுதிவைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

வரட்டும். 28-க்குக் கீழே இருக்கவேண்டும், மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் கூடாது, ஏஜென்ட் கமிஷனை ஆண்டறிக்கையில் தனியாகக் காட்டவேண்டும். நான் வேறெதுவும் கேட்கவில்லை.

சான்சிரோ_செல்வம்

எங்கள் கோல்கீப்பர் மைக் மேன்யானுக்கும் 2026 ஜூனில்தான் ஒப்பந்தம் முடிகிறது. இந்த இழையை மரோட்டா படிக்காமல் இருந்தால் சரி.